ஒரிஜினல் சென்சாரா, ஆஃப்டர்மார்க்கெட் சென்சாரா? ஒரே காரில் ஐந்து மாற்றங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

நான் ஓட்டுவது பன்னிரண்டு வயதான, 1.5 லிட்டர் பெட்ரோல் கார். கடந்த நான்கு ஆண்டுகளில் அதில் ஐந்து சென்சார்களைக் கவனிக்க நேர்ந்தது: எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டைச் சொல்லும் கூலன்ட் வெப்பநிலை சென்சார், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக்கு முன்சக்கரத்தில் இருக்கும் சென்சார், எஞ்சின் தண்டின் சுழற்சியைச் சொல்லும் கிராங்க் ஷாஃப்ட் சென்சார். இவற்றுள் ஒன்றைக் கார் நிறுவனத்தின் பெட்டியிலேயே வாங்கினேன். சிலவற்றைச் சென்சார் தயாரிப்பாளரின் பெட்டியில் வாங்கினேன். சிலவற்றுக்கு, ஆசை யாரை விட்டது, மலிவான பொருளையும் முயன்று பார்த்தேன். எல்லாவற்றையும் நானே கழற்றி மாட்டியதாலும், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரும் மல்டிமீட்டரும் காட்டிய எண்களை முன்னும் பின்னும் ஒரு நோட்டில் குறித்து வைத்ததாலும், எது தேறியது, எது தேறவில்லை என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல முடியும்.

முதலில் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். கார் நிறுவனங்கள் பெரும்பாலும் சென்சார் தயாரிப்பதில்லை. போஷ், டென்சோ, என்.டி.கே., ஹெல்லா போன்ற நிறுவனங்கள் தயாரித்துக் கொடுப்பதைக் கார் நிறுவனம் தன் பாக எண்ணை அச்சிட்டுத் தன் பெட்டியில் விற்கிறது. அதே சென்சாரை அதே தயாரிப்பாளர் தன் சொந்தப் பெட்டியிலும் விற்பதுண்டு. அதில் சில நேரம் கார் நிறுவனத்தின் சின்னம் இருந்த இடம் மட்டும் சுரண்டப்பட்டிருக்கும். மூன்றாவதாக, இந்த இரண்டு வட்டத்துக்கும் வெளியே, மாதிரியைப் பார்த்து வேறு யாரோ செய்யும் சென்சார் இருக்கிறது; நான் ஆஃப்டர்மார்க்கெட் என்று சொல்வது இதைத்தான். இந்த மூன்றாம் வகையிலும் பெயரோடும் பொறுப்போடும் செய்பவர்கள் உண்டு; வெள்ளைப் பெட்டியில் எண்கூட இல்லாமல் வருவதும் உண்டு. கடையில் “அதே ஃபேக்டரியில வர்றதுதான் சார், பெட்டி மட்டும்தான் வேற” என்று சொல்வது இரண்டாம் வகைக்கு முழு உண்மை. மூன்றாம் வகைக்கும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள் என்பதே சிக்கல்.

என் அனுபவத்தில், எந்தப் பெட்டி என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சென்சார் எண்ணுகிறதா, அளக்கிறதா? சக்கரத்தின் பற்கள் கடந்துபோவதை எண்ணும் சென்சாருக்குத் துடிப்பு வந்தது, வரவில்லை என்ற இரண்டு நிலைகள்தாம். அதில் சிறு வேறுபாடு இருந்தாலும் கணக்குக் கெடாது. காற்றையோ ஆக்சிஜனையோ அளக்கும் சென்சாருக்கு ஒரு வளைகோடு உண்டு. இந்த அளவு காற்றுக்கு இந்த வோல்ட்டேஜ் என்ற அந்த உறவை எஞ்சின் கணினி தன் நினைவகத்தில் அட்டவணையாக வைத்திருக்கிறது. புதிய சென்சார் அந்த அட்டவணைக்குப் பொருந்தாவிட்டால், எந்த விளக்கும் எரியாமலே எஞ்சின் தவறான கணக்கில் ஓடும். மலிவான பொருளில் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நானும் இங்கேதான் ஏமாந்தேன்.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் கதை இது. நின்ற இடத்திலிருந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் ஒரு கணம் மூச்சடைத்து நின்று, பிறகு பாய்ந்தது. ஸ்கேனரில், இந்தச் சென்சாரின் அளவு சரியில்லை என்னும் பி0101 என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருந்தது. இணையத்தில் ஒரிஜினலின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஒன்று கிடைத்தது. தோற்றத்தில் அச்சு அசல், கனெக்டரும் ‘டிக்’ என்று உட்கார்ந்தது. அன்று மாலை ஓட்டிப் பார்த்தபோது தடுமாற்றம் குறைந்ததாகவே தோன்றியது. பணம் மிச்சமான மகிழ்ச்சியில் அப்படித் தோன்றியிருக்கலாம்.

மறுநாள் ஸ்கேனரில் நேரடி அளவீடுகளைப் பார்த்தபோது படம் வேறாக இருந்தது. சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது என் பழைய சென்சார், அது நன்றாக இருந்த நாளில், வினாடிக்கு ஏறக்குறைய 2.3 கிராம் காற்று என்று காட்டியதாக நோட்டில் இருந்தது. புதியது 1.8 காட்டியது. காற்று குறைவு என்று நம்பிய கணினி பெட்ரோலையும் குறைத்துக் கொடுத்தது. புகைக்குழாயில் மிச்சமான ஆக்சிஜனைக் கண்ட ஆக்சிஜன் சென்சார் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று முறையிட்டது. கணினி தன் திருத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், அந்தத் திருத்தத்தின் சதவீதக் கணக்கான நீண்டகால ஃபியூயல் ட்ரிம் +20-ஐத் தாண்டியிருந்தது. இந்த எண் பூஜ்யத்தை ஒட்டி, கூடவோ குறையவோ பத்துக்குள் இருப்பதுதான் நல்ல நிலை. இன்னொரு தொல்லையும் இதில் ஒளிந்திருக்கிறது. காற்றின் அளவை வைத்தே கணினி எஞ்சினின் சுமையையும் கணிக்கிறது. சுமை குறைவு என்று எண்ணினால் தீப்பொறியை முன்கூட்டியே கொடுக்கும். மேட்டில் ஏறும்போது எஞ்சினில் ‘டக் டக்’ என்ற தட்டல் கேட்கும். எனக்கும் கேட்டது. மூன்று வாரத்தில், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்னும் பி0171 என்ற குறியீடு வந்து செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. விவரம் தெரியாத ஒருவர் அந்தக் குறியீட்டைப் பார்த்து ஆக்சிஜன் சென்சாரையோ பெட்ரோல் பம்பையோ மாற்றியிருப்பார்.

அந்த மலிவுச் சென்சாரைக் கழற்றிவிட்டு, குப்பைக்குப் போகக் காத்திருந்த பழைய சென்சாரின் நுனியைப் பார்த்தேன். உள்ளே இருக்கும் சூடேற்றப்பட்ட மெல்லிய படலத்தின் மேல், பஞ்சும் எண்ணெயும் கலந்த சாம்பல் நிறப் பூச்சு படிந்திருந்தது. கடந்து போகும் காற்று அந்தப் படலத்தை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதிலிருந்துதான் அளவு பிறக்கிறது. அழுக்குப் போர்வை போர்த்திய படலம் சரியாகக் குளிராது. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கப்படும் ஸ்ப்ரேயை, விரலோ துணியோ படாமல், பத்துப் பதினைந்து முறை அடித்து, முழுவதும் உலரவிட்டு மாட்டினேன். ட்ரிம் +4-க்கு இறங்கியது. இந்த மதிப்புரையில் நான் ஐந்து நட்சத்திரம் கொடுக்கும் முதல் பொருள் அந்த ஸ்ப்ரேதான். எண்ணெய் ஊற்றிப் பயன்படுத்தும் ஏர் ஃபில்டரை முந்தைய ஆண்டு மாட்டியதே அழுக்குக்குக் காரணம் என்று நினைக்கிறேன், அதையும் கழற்றிவிட்டேன். பின்னொரு நாள் இந்தச் சென்சாரை மாற்றியே தீர வேண்டும் என்றால், தயாரிப்பாளரின் பெட்டியில் மட்டுமே வாங்குவேன். அதிலும், உள்ளே செருகும் பாகம் மட்டும் போதுமா, குழாயோடு சேர்த்து வாங்க வேண்டுமா என்று பார்த்து வாங்குவேன். குழாயின் உள்விட்டம் மாறினால் அதே படலமும் வேறு அளவைச் சொல்லும்.

ஆக்சிஜன் சென்சாரில் முடிவு எளிதாக இருந்தது, வேலைதான் கடினமாக இருந்தது. 1976-ஆம் ஆண்டு போஷ் நிறுவனம் வால்வோ கார்களுக்காக முதன்முதலில் தொடர் உற்பத்தியில் கொண்டுவந்த சிர்கோனியாப் பீங்கான் சென்சார், பெட்ரோல் மிகுதியா குறைவா என்பதை 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே தாவிக் காட்டும் வகை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற புள்ளியைக் கடக்கும்போது அது தாவுகிறது. என் காரின் முன் சென்சார் (புகையைச் சுத்தம் செய்யும் காட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது) அதன் அடுத்த தலைமுறையான வைட்பேண்ட். எவ்வளவு மிகுதி, எவ்வளவு குறைவு என்பதையும் சொல்லும். அதன் உள்ளே இருக்கும் ஹீட்டர் அறுந்து பி0135 வந்தது. கனெக்டரைக் கழற்றி ஹீட்டரின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் சில ஓம்கள் காட்ட வேண்டும், ஒன்றும் காட்டவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத சாவு.

இங்கே மூன்று தெரிவுகள் இருந்தன. கார் நிறுவனத்தின் பெட்டி, சென்சார் தயாரிப்பாளரின் பெட்டி, ‘யுனிவர்சல்’ என்று விற்கப்படும், கனெக்டர் இல்லாமல் வெறும் வயர்களோடு வருவது. முதலிரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அறுகோண உடலில் லேசரால் பொறித்திருந்த தயாரிப்பாளர் எண் இரண்டிலும் ஒன்றே. வயரின் நீளம், ரப்பர் உறை, கனெக்டரின் நிறம், பூட்டு நாக்கின் வடிவம் எல்லாம் ஒன்றே. விலையில் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேறுபாடு. தயாரிப்பாளரின் பெட்டியை எடுத்துக்கொண்டேன்; இரண்டரை ஆண்டுகளாகக் குறை இல்லை.

யுனிவர்சலை ஏன் தொடவில்லை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பல வைட்பேண்ட் சென்சார்களில், கனெக்டருக்குள்ளே கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறிய மின்தடை இருக்கிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு சென்சாரையும் தனித்தனியே சோதித்து, அதன் குணத்துக்கு ஏற்ப அந்த மின்தடையின் மதிப்பைச் சரிசெய்து அனுப்புகிறார்கள். அதாவது கனெக்டரும் சென்சாரும் பிறவியிலேயே ஜோடி. பழைய கனெக்டரை வெட்டிப் புதிய சென்சாரின் வயரோடு முறுக்கினால், ஒருவரின் கண்ணாடியை இன்னொருவர் மாட்டிக்கொண்டது போல ஆகிவிடும். பழைய தாவல் வகைச் சென்சார்களில் இந்த மின்தடை இல்லை என்றாலும் வேறொரு நுட்பம் இருக்கிறது: ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்று, அவற்றுள் பலவற்றில் வயரின் இழைகளுக்கிடையே உள்ள இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறது. அங்கே ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த மூச்சுவழி அடைபடும். அதனால்தான் வயரை இணைக்கும்போது அழுத்தி இறுக்கும் இணைப்பையே பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஹீட்டரின் மின்தடையும் கணினி எதிர்பார்ப்பதோடு பொருந்த வேண்டும். பொருந்தாத ஹீட்டர் பீங்கானை அளவுக்கு மீறி வேகமாகச் சூடேற்றினால், குளிர்ந்த குழாயில் தங்கியிருக்கும் ஒரு துளி நீர் பட்டாலே அது விரிசல் விடும்.

வேலை கடினம் என்றேன். பல ஆண்டு வெப்பத்தில் மரை இறுகிப் போயிருந்தது. வயர் நுழையப் பிளவு உள்ள 22 மி.மீ. சாக்கெட், முந்தைய இரவே ஊற்றிய துரு நீக்கும் எண்ணெய், எஞ்சினை ஓட்டிக் குழாய் இளஞ்சூட்டில் இருக்கும்போது ஒரே சீரான இழுப்பு. இவை மூன்றும் சேர்ந்தபோதுதான் அசைந்தது. புதியதன் மரையில், அது இறுகிக்கொள்ளாமல் தடுக்கும் பசை தொழிற்சாலையிலேயே பூசி வந்திருந்தது. அது நுனியில் படக் கூடாது. பக்கத்தில் ஏதாவது கேஸ்கெட்டுக்கு சாதாரண சிலிகான் பசையைப் பூசும் மெக்கானிக்கையும் தடுக்க வேண்டும். அதன் ஆவி இந்தச் சென்சாருக்கு நஞ்சு.

கூலன்ட் வெப்பநிலை சென்சார் மட்டுமே வீட்டு அடுப்பில் வைத்துத் தேர்வு நடத்தக்கூடியது. சூடு ஏற ஏற மின்தடை குறையும் எளிய பொருள் அது. பழையது, தயாரிப்பாளரின் பெட்டியில் வாங்கியது, மலிவானது என்று மூன்றையும் ஒரே பாத்திர நீரில் நுனி மட்டும் மூழ்கும்படி தொங்கவிட்டு, வெப்பமானி ஒன்றையும் போட்டுச் சூடாக்கினேன். 20 டிகிரியில் அவை முறையே 2,480, 2,510, 2,390 ஓம் காட்டின. 80 டிகிரியில் 318, 322, 341. மலிவானதன் பிழை ஏறக்குறைய 2 டிகிரி அளவே. எஞ்சின் கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே மலிவானதையே மாட்டினேன். அறிவியல்பூர்வமாக முடிவெடுத்த பெருமிதம் வேறு.

எட்டு மாதம் கழித்து எஞ்சின் பக்கவாட்டில் பச்சை நிறத்தில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. சென்சாரின் மின்சார வேலையில் அப்போதும் குற்றமில்லை. அதனோடு வந்த ஓ-ரிங் கடினமாகித் தட்டையாகிவிட்டதால் கூலன்ட் கசிந்துகொண்டிருந்தது. நான் அளந்தது மின்தடையை, தோற்றது ரப்பர். ஒரிஜினலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி, நாம் எளிதில் சோதித்துப் பார்க்க முடியாத ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கனெக்டர் ஊசியின் பூச்சுக்கும் போகிறது. ஊசி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம்: வண்டிப் பக்கத்தில் தங்க முலாம் பூசிய ஊசி இருக்கும்போது சென்சார் பக்கத்தில் வெறும் வெள்ளீயப் பூச்சு இருந்தால், அதிர்வில் அவை உரசி உரசி நாளடைவில் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

ஏ.பி.எஸ். சென்சாரில் பெயருள்ள ஆஃப்டர்மார்க்கெட் நிறுவனத்தின் பொருளை மாட்டினேன். அதுவே போதும் என்பது என் தீர்ப்பு. இப்போதைய கார்களில் இருப்பவை பெரும்பாலும் சுமார் 7 மில்லிஆம்பியருக்கும் 14 மில்லிஆம்பியருக்கும் இடையே மாறி மாறித் துடிக்கும் வகை, எண்ணும் வேலைதான். குறை ஒன்றே: வயரைப் பிடிக்கும் ரப்பர் உறை ஒரிஜினலில் இருந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. தள்ளி இருந்ததால், ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்தபோது வயர் விறைத்தது. உறையை நகர்த்திச் சரிசெய்தேன். மாட்டியபின் இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்க்காமல் சக்கரத்தைப் போடக் கூடாது. சக்கர பேரிங்கை மாற்றிய உடனே ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால், சென்சார் வாங்கும் முன் பேரிங்கைச் சந்தேகிக்கவும்; காந்த வளையம் அதன் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது, திருப்பிப் போட்டால் சென்சாருக்கு எண்ண எதுவும் இருக்காது.

கிராங்க் சென்சாரும் எண்ணும் வகைதான். 60 பல் இருக்க வேண்டிய சக்கரத்தில் 2 பல் இல்லாத இடைவெளியை வைத்து, எஞ்சின் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அறிகிறது. என் விதிப்படி இதற்கும் ஆஃப்டர்மார்க்கெட் போதும் என்றே சொல்ல வேண்டும். ஆனால் ஏ.பி.எஸ். சென்சார் செத்தால் ஒரு விளக்கு எரியும். கிராங்க் சென்சார் செத்தால் கார் நடுச்சாலையில் நிற்கும். எனக்கு நின்றது. எஞ்சின் சூடானபின் அணைந்து, அரை மணி நேரம் ஆறியபின் ஒன்றும் நடக்காதது போல ஓடியது. ஸ்டார்ட்டர் சுழலும்போது ஆர்.பி.எம். முள் அசையாமல் கிடந்ததே துப்பு. அவசரத்துக்கு வாங்கிய மலிவானதை மாட்டும் முன் வெர்னியரில் வைத்துப் பார்த்தேன். பிடிமானத் தட்டிலிருந்து நுனி வரை பழையது 24.0 மி.மீ.; புதியது 23.2. பல்லுக்கும் நுனிக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியே ஏறக்குறைய 1 மி.மீ. என்னும்போது 0.8 கூடினால், குறிப்பாக ஸ்டார்ட்டரின் மெதுவான சுழற்சியில், என் காரில் உள்ள காந்தச் சுருள் வகையின் சமிக்ஞை மிகவும் பலவீனமாகிவிடும். தட்டை அரத்தால் தேய்த்துவிடலாம் என்று விற்றவர் ஆலோசனை சொன்னார். திருப்பிக் கொடுத்துவிட்டு, இதற்கு மட்டும் கார் நிறுவனத்தின் பெட்டியிலேயே வாங்கினேன். அந்தக் கடையில் மின்சாரப் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்வதே அபூர்வம். உறையைக் கிழிக்காமல் வெளியிலிருந்தே அளந்திருந்ததால் தப்பித்தேன்.

நான் மாற்றாதவற்றைப் பற்றிச் சுருக்கமாக: டயர் அழுத்த சென்சாரில் 315, 433 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டில் உங்கள் காருக்கு எது என்று தெரிந்தால், பழையதன் அடையாள எண்ணைப் பிரதியெடுக்கும் யுனிவர்சல் வகைகூட நன்றாகவே வேலை செய்யும். எஞ்சினின் தட்டலை உணரும் நாக் சென்சாரில் பெட்டியைவிட இறுக்கும் விசை முக்கியம். போல்ட் வகைக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர், அதற்கு இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும். முன்பக்க ரேடார் போல, மாட்டியபின் அளவுத்திருத்தம் தேவைப்படுபவற்றில் மலிவுப் பரிசோதனை வேண்டாம்.

போலிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டுவரும் போலியே எல்லாவற்றிலும் மோசம். ஒரிஜினலின் விலையைக் கொடுத்து வெள்ளைப் பெட்டிச் சரக்கை வாங்குகிறோம். பெட்டியை நன்றாக அச்சடிக்கிறார்கள், ஆகவே பெட்டியைப் பார்த்துப் பயனில்லை. கழற்றிய பழைய சென்சாரைக் கையோடு கொண்டுபோய் எடை, பொறிப்பு, பிளாஸ்டிக்கின் விளிம்பு, வயர் உறையின் தடிமன் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். என்னிடம் ஒருமுறை நீட்டப்பட்ட ஆக்சிஜன் சென்சாரில் எண், லேசர் பொறிப்பாக இல்லாமல் மையாக இருந்தது. கட்டைவிரலால் தேய்த்ததும் கடைசி இலக்கம் அழிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும், சென்சாரே வாங்கத் தேவையில்லாத தருணங்கள்தாம் அதிகம். ஸ்கேனர் சொல்லும் குறியீடு ஒரு மின்சுற்றில் ஏதோ தவறு என்று சொல்கிறதே தவிர, சென்சாரை மாற்று என்று சொல்வதில்லை. சென்ற மாதம் என் காரில் பி0420 வந்தது. “பின்னாடி இருக்கற ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்” என்றார் மெக்கானிக், தயாராக ஒரு பெட்டியையும் எடுத்து வைத்தார். எஞ்சினைச் சூடாக்கி வரைபடத்தைப் பார்த்தோம். நல்ல காட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் அந்தச் சென்சாரின் கோடு 0.6, 0.7 வோல்ட்டை ஒட்டி அமைதியாகக் கிடக்க வேண்டும். இங்கே அது 0.1-க்கும் 0.8-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்பதைப் பன்னிரண்டு வயதான அந்த ஒரிஜினல் சென்சார் துல்லியமாகவே சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு, இப்போது கன்வெர்ட்டருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.